மின்னல் அண்ணியும் நூறு சதவீதமும்

மின்னல் என்ற பேரை அவளுக்கு வைத்தது வேறு யாருமில்லை, நாத்தனார்தான். கல்யாணமாகி வந்த புதிது. நாத்தனாருக்கு அப்போது பதினைந்து வயசு. மறுநாள் பள்ளிக்கூடத்தில் கொடுக்கவேண்டிய கட்டுரையை எழுதாமல் ஊர் சுற்றிவிட்டு வந்து, உட்கார்ந்து அழுதாள். "நீ வாயால சொல்லு, நான் அடிச்சுத் தர்றேன்" என்று அண்ணி தன் பழைய டைப்ரைட்டரை இழுத்துப் போட்டாள். சொன்னவளுக்கு மூச்சு வாங்கியதே தவிர, அடித்தவளுக்கு வாங்கவில்லை. "ஐயோ அண்ணி, கையா அது, மின்னலா?" என்று வாயைப் பிளந்தாள் அந்தப் பெண். அன்றிலிருந்து வீட்டிலும் தெருவிலும் அவள் மின்னல். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வைத்தவளே மறந்துவிட்டாள், நீங்களாவது மறக்க வேண்டாம்.

இப்போது மின்னலுக்கு ஐம்பத்திரண்டு வயசு. படுக்கையறையில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே ஒருக்களித்துத்தான் நுழைய முடியும்; அந்தச் சந்தின் முடிவில், ஜன்னலோரம், அவள் மேசை. மேசைமேல் ஒன்பது வயசான கம்ப்யூட்டர். காதில் ஹெட்போன், காலடியில் தையல் மிஷினுக்கு இருப்பது மாதிரி ஒரு பெடல். ஆஸ்பத்திரி டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும், என்ன வியாதி, என்ன மருந்து என்று பேசிப் பதிவுசெய்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு அடித்து அனுப்ப வேண்டும். பெடலை முன்னங்காலால் அழுத்தினால் பேச்சு ஓடும், குதிகாலால் அழுத்தினால் பின்னால் போகும். பதினோரு வருஷமாக இதுதான் வேலை. பாதி வார்த்தையை விழுங்குகிற டாக்டர், கொட்டாவி விட்டுக்கொண்டே பேசுகிற டாக்டர், வயிற்றுவலியைப் பற்றிச் சொல்லும்போதே நடுவில் பெண்டாட்டியோடு போனில் சண்டை போடுகிற டாக்டர் என்று எல்லாரும் அவளுக்கு அத்துப்படி. மருந்தின் அளவில் ஒரு புள்ளி தப்பினால் ஒரு உயிர் என்று அவளுக்குத் தெரியும். ஒருநாளும் தப்பினதில்லை.

வேலையை வாங்கிக் கொடுத்ததும் நாத்தனார்தான். அந்தக் கம்பெனியில் அவள் இப்போது சூப்பர்வைசர். நாலு மாசத்துக்கு முன்னால் ஒருநாள் நேரிலேயே வந்து, அண்ணி போட்ட டீயைக் குடித்துக்கொண்டே, அண்ணியின் நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் எதையோ ஏற்றினாள்.

"என்னடி அது?"

"எல்லார் வீட்டு மிஷின்லயும் போடறோம் அண்ணி. யார் எவ்வளவு நேரம் வேலை பார்க்கறாங்கன்னு பார்த்துக்கிட்டே இருக்கும். அது பாட்டுக்கு ஒரு மூலையில கிடக்கும், நீங்க பாட்டுக்கு அடிங்க."

அன்றிலிருந்து வாராவாரம் வேகத்துக்கு மார்க் வந்தது. பச்சை என்றால் நல்லது, மஞ்சள் என்றால் எச்சரிக்கை. தொடர்ந்து மூன்று வாரம் சிவப்பு வந்தால் பட்டியலிலிருந்து பேரை எடுத்துவிடுவார்கள். ஐம்பத்திரண்டு வயசில் இன்னொரு பட்டியலில் யார் சேர்ப்பார்கள்? ஆனால் மின்னல் அதை நினைத்துக் கவலைப்படவே இல்லை. வேகத்துக்கு மார்க் போட்டால் அவளுக்குப் பயமா என்ன?

மூன்று மாசம் பச்சையாகவே வந்தது. நாலாவது மாசம் பிடித்தது சனி. விசையைத் தட்டினால் எழுத்து வரவில்லை. வார்த்தை முழுக்க அடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால், ஒவ்வொரு எழுத்தாகக் காலை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தது. காதில் டாக்டர் "மூச்சு" என்பார், அதோடு நின்றுவிடும். "திணறல்" வருவதற்குள் அந்த நோயாளிக்கே குணமாகியிருக்கும். பெட்டிக்குள் ஃபேன் போட்ட ஓலத்தில் எதிர்வீட்டு நாய் எழுந்து நின்று பார்த்தது. அந்த வெள்ளிக்கிழமை முதல் சிவப்பு வந்தது.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். மிஷினைப் பற்றி யாராவது குறை சொன்னால், தன்னையே சொன்ன மாதிரி அவருக்குப் பொத்துக்கொண்டு வரும்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். வயசாச்சுன்னு ஒத்துக்கிட்டுப் போயேன், அதுக்கு எதுக்கு மிஷினைத் திட்டறே?"

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பாள். இந்தச் சொல் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

மறுநாளே கிளம்பினாள் வேட்டைக்கு. பெட்டியின் மூடியைக் கழற்றி, பெயிண்ட் பிரஷால் ஒன்பது வருஷத் தூசியை உதிர்த்தாள். ஒரு பூனைக்குட்டி அளவுக்கு வந்தது. தேவையில்லாத புரோகிராம்களைத் தூக்கினாள். மிஷினைப் போட்டதும் கூப்பிடாமலே எழுந்து வருகிற நாலைந்தை வரவிடாமல் செய்தாள். வைரஸ் இருக்கிறதா என்று அரைநாள் தேடவிட்டாள், இல்லை. டாஸ்க் மேனேஜரைத் திறந்தாள். மிஷினின் மூளையை, அதுதான் ப்ராசஸரை, எந்தப் புரோகிராம் எத்தனை சதவீதம் தின்கிறது என்று அது காட்டும். நாலு சதவீதம், அஞ்சு சதவீதம் என்று பச்சைப்பிள்ளை மாதிரி முழித்தது. சரி என்று அதை மூடிவிட்டு அடிக்க உட்கார்ந்தால், மறுபடி ஓலம். இரண்டாவது வெள்ளிக்கிழமையும் சிவப்புதான்.

கடைத்தெருவிலிருந்து ரிப்பேர்க்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் டாஸ்க் மேனேஜரைத் திறந்துவைத்து, ஆள்காட்டி விரல் இரண்டால் கோழி கொத்துகிற மாதிரி கொத்திக் கொத்தி ஒரு வரி அடித்தார்.

"நாலு சதவீதம்மா. மிஷின் கல்லு மாதிரி இருக்கு. உங்களுக்குத்தான் மனசுல ஏதோ..." என்று இழுத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்காரர் அவருக்குக் கூலியைக் கொடுத்து, வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

மின்னல் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். நிஜமாகவே தனக்குத்தான் கை விழுந்துவிட்டதோ என்று முதல்முறையாக ஒரு சந்தேகம் வந்தது. அப்போதுதான் அந்த மனுஷனின் இரண்டு விரல் ஞாபகம் வந்தது. கோழி கொத்தினால் மிஷினுக்கு என்ன தெரியும்? டாஸ்க் மேனேஜரைத் திரையின் ஓரத்தில் நிறுத்திவைத்தாள். கண்ணை அந்த எண்ணில் வைத்துக்கொண்டு, பத்து விரலையும் அவிழ்த்துவிட்டாள்.

நாலு. இருபது. அறுபத்தெட்டு. நூறு.

கையை எடுத்தாள், ஓலம் அடங்கி நாலுக்கு இறங்கியது. மறுபடி அடித்தாள், நூறு. அடக் கண்றாவியே! பட்டியலில் எல்லாருக்கும் மேலே, தொண்ணூற்றிரண்டு சதவீதத்தைத் தனியாளாக விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது, நாத்தனார் மூலையில் கிடக்கும் என்று சொல்லிவிட்டுப் போன அந்த வேவுக்காரப் புரோகிராம். இந்த மாச ஆரம்பத்தில் அதுவாகவே புதுப்பித்துக்கொண்டு, விசையில் விழும் ஒவ்வொரு தட்டுக்கும் திரையை ஒரு படம் பிடிக்க ஆரம்பித்திருந்தது. மெதுவாக அடிக்கிறவளுக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. வேகமாக அடித்தால் அதற்கு வேலை அதிகம். அதற்கு வேலை அதிகமானால் மிஷின் படுத்துக்கொள்ளும். மிஷின் படுத்தால் அடிக்கிறவள் சோம்பேறி என்று அதே எழுதி அனுப்பும். வேலி பயிரை மேய்ந்த கதை கேட்டிருக்கிறோம். மேய்ந்துவிட்டுப் பயிர் வளரவில்லை என்று புகாரும் கொடுத்த வேலியை இங்கேதான் பார்க்கிறோம்.

நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

"எல்லார் வீட்லயும் ஓடுது அண்ணி, உங்களுக்கு மட்டும் எப்படி இடிக்கும்?"

"மத்தவங்க என் அளவுக்கு அடிக்கறதில்லடி. அடிக்க அடிக்கத்தான் அது திங்குது."

"அப்ப கொஞ்சம் மெதுவா அடிங்களேன்."

"மெதுவா அடிச்சா சிவப்பு, வேகமா அடிச்சா மிஷின் செத்துப்போகுது. நான் எங்கே போய் முட்டிக்க?"

"சரி சரி, மேலிடத்துக்கு எழுதிப் போடறேன். பதில் வர நாளாகும்" என்று வைத்துவிட்டாள்.

மின்னலுக்கு ஏது நாள்? மூன்றாவது வாரத்தில் திங்கள் முதல் வியாழன் வரை முட்டி மோதியும் ஒப்பேறவில்லை. மிச்சம் இருந்தது ஒரே ஒரு வெள்ளிக்கிழமை. காலையில் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள், டாஸ்க் மேனேஜரைத் திறந்தாள், வேவுக்காரப் புரோகிராமின் கழுத்தைப் பிடித்து நிறுத்தினாள். அது தப்பு என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. டைப்ரைட்டர் காலத்து மனுஷி அவள். அடித்த தாள் கண்ணெதிரே கிடக்கும்போது, அடித்தாளா என்று எவனாவது கேட்பானா?

ஆஹா, அன்றைக்கு அடித்தாளே ஒரு அடி! விரல் படுவதற்கு முன்பே எழுத்து காத்திருந்தது. நல்ல நாளிலேயே முப்பது ஃபைல் முடிப்பவள், அன்று சாயங்காலத்துக்குள் ஐம்பத்துமூன்று முடித்தாள். மத்தியானம் சாப்பிடவே மறந்துபோனாள். சீக்கிரம் வீடு திரும்பிய வீட்டுக்காரர் கதவோரம் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். ஹெட்போனுக்குள் டாக்டர் கொட்டாவி விட, இவள் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை நாத்தனார் வந்தாள். டீ வேண்டாம் என்றாள், உட்காரவும் இல்லை. கையில் ஒரு தாள்.

"வெள்ளிக்கிழமை உங்க மிஷின்ல ஒரு தட்டுகூடப் பதிவாகல அண்ணி. ஆனா ஐம்பத்துமூணு ஃபைல் வந்திருக்கு."

"நான்தான் அடிச்சேன்."

"யார்கிட்ட கொடுத்து அடிச்சீங்கன்னு கேட்கறாங்க. நோயாளிங்க ரகசியம் அண்ணி, வெளியாளுக்குப் போச்சுன்னா..."

மின்னலுக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் கத்திவிட்டாள்.

"அந்தச் சனியனை நிறுத்திட்டு நானே அடிச்சேன்டி! பதினோரு வருஷத்துல ஒரு எழுத்து வெளியே போயிருக்கா?"

"ஒரே நாள்ல, ஒரே ஆள், இவ்வளவு அடிக்க முடியாதுன்னு எழுதியிருக்காங்க."

"நீ என்ன சொன்னே?"

நாத்தனார் தாளை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"உன்னைத்தான் கேட்கறேன். நீதானே எனக்கு மின்னல்னு பேர் வச்சே? நீ சொல்லச் சொல்ல அடிச்ச கை இதுதானே? இப்பவே வாசி, உன் கண்ணு முன்னால அடிச்சுக் காட்டறேன். வாசிடி!"

"நான் பார்த்து என்ன ஆகப்போகுது அண்ணி? பேரெல்லாம் வீட்டோட. உங்களுக்காகப் பேசினா, அண்ணிங்கறதால சலுகை காட்டறேன்னு என்னையும் சேர்த்து அனுப்பிடுவாங்க. எனக்கும் குழந்தைங்க இருக்கு." குரல் இறங்கியது. "உங்க பேரை எடுக்கற தாள்ல கையெழுத்து நான்தான் போட்டேன்."

குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்தது. போகிற வேலை மெதுவாக அடித்ததற்காகப் போயிருந்தால்கூட அழுது தீர்த்திருப்பாள். திருட்டுப் பட்டம் கட்டி அனுப்பினார்கள், அதுவும் வாழ்நாளிலேயே அவள் நன்றாக வேலை பார்த்த ஒரு நாளுக்காக.

நாத்தனார் அதே நாற்காலியில் ஓரமாக உட்கார்ந்து, கம்பெனிச் சொத்து என்று அந்தப் புரோகிராமைக் கம்ப்யூட்டரிலிருந்து முழுசாக நீக்கினாள். கூடவே பெடலையும் ஹெட்போனையும் பைக்குள் போட்டாள். வாசல்வரை போய், "வரேன் அண்ணி" என்றாள்.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தபோது, அவள் வெற்றுத் திரையில் அடித்துக்கொண்டிருந்தாள். மருந்துப் பேர், வியாதிப் பேர் என்று வாயில் வந்ததையெல்லாம், பத்து விரலாலும். விரலும் எழுத்தும் ஒன்றாக விழுந்தன. திரையின் ஓரத்தில் மூன்று சதவீதம் என்று காட்டியது. ஃபேன் சத்தமே இல்லை. அவர் லிஃப்ட் மோட்டாரைக் கேட்கிற மாதிரி காதைச் சாய்த்துக் கேட்டார்.

"அட, சரியாயிடுச்சே! கடைசியில என்னதான் கோளாறாம்?"

"நான்தாங்க" என்றாள், கையை எடுக்காமல். "எடுத்துட்டாங்க."