விட்டு விட்டுப் பிடி

லைசன்ஸ் கையில் கிடைத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, சுவிஸின் லா ஷோ-து-ஃபோனில் பனி கொட்டத் தொடங்கிவிட்டது. நான் வேலை செய்யும் மணிக்கூட்டுத் தொழிற்சாலைக்கு மலைக்கிராமம் ஒன்றில் புதுக் கிளை. அங்கே காலை ஷிப்டுக்கு வருகிறாயா என்று கேட்டார்கள். எனக்குக் கொள்ளை ஆசை. ஆனால் அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது, நானே கார் ஓடிப் போக வேண்டும்.

"பனி முடியட்டும், பிறகு பாப்பம்" என்றார் கணவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெள்ளிக்கிழமை அவரிடம் மூச்சே விடாமல் மேலாளரிடம் பிரெஞ்சில் "வுய்", ஓம் என்று சொல்லிவிட்டேன். திங்கள் வேலை தொடக்கம். பனியில் பிறேக் பிடிக்கப் பழக்குங்கோ என்று மட்டும் கணவரிடம் கேட்டேன்.

ஞாயிறு கடைகள் பூட்டு. ஒரு கடைக்குப் பின்னால் இருந்த வெறும் கார் தரிப்பிடத்தில், இறுகிய பனிமேல் அவர் எங்கள் சிவப்பு வாளியை வைத்தார்.

"இதில இடிக்காமல் நிப்பாட்டும், வேலையைப் பற்றிக் கதைப்பம். வழுக்கினால் பிறேக்கை விட்டு விட்டுப் பிடியும்."

யாழ்ப்பாணத்து மாரிச் சேற்றில் பழைய வான் ஓடிப் பழகிய பாடம் அது. இங்கே பெடல் நடுங்கும்போதெல்லாம் காலை எடுத்துவிட்டு, கராஜில் போய்க் குறை சொல்லுவார். அவர்கள் ஒரு பிழையும் கண்டுபிடித்ததில்லை.

நான் ஓடி வந்து பிறேக்கை அமத்தினேன். பெடல் கடகடவென்று காலை உதைத்தது. "விடும்! உடையப் போகுது!" என்று பக்கத்தில் இருந்து கத்தினார். விட்டேன். கார் சறுக்கி இடிக்க, வாளி உருண்டு போய் பனிக்குள் விழுந்தது.

"பாத்தீரோ?"

எனக்கோ வாளி மறந்துபோய்விட்டது. அந்த உதை என்ன? உடைகிற சாமான் இவ்வளவு ஒழுங்காகத் தாளம் போடுமா? நாள் முழுக்க நான் பூதக்கண்ணாடிக்குள் பார்ப்பதும் இதைத்தானே! மணிக்கூட்டின் பல்லுச் சக்கரத்தை ஒரு குட்டிக் கொக்கி பிடிக்கும், விடும், பிடிக்கும், விடும். கார்ச் சக்கரம் இறுகி நின்றால் சறுக்கும். அதனால் இந்தக் காரும் தானாகவே விட்டு விட்டுப் பிடிக்கிறதோ? அப்படியென்றால் நடுவில் என் கால் எதற்கு?

"இஞ்சாருங்கோ, இன்னொருக்கா."

இந்த முறை அவர் கத்தக் கத்த நான் காலை எடுக்கவே இல்லை. பெடல் உதைத்து உதைத்துக் கார் நின்றது. வாளி முன்னால் அசையாமல் இருந்தது. ஐயோ, அந்தச் சந்தோசம்!

அவர் இறங்கி வந்து என் இடத்தில் ஏறினார். பின்னால் போய், வேகமெடுத்து, அமத்தினார். கடகட. அவர் கால் தானாக மேலே வந்தது. வாளி காருக்குக் கீழே நொறுங்கியது.

ஸ்டியரிங்கில் ஒரு தட்டுத் தட்டினார்.

"இவ்வளவு காலமும் காரை நிக்க விடாமல் மறிச்சது நான்தானோ?" என்றார். பிறகு, "சரி, நாளைக்கு ஓம் எண்டு சொல்லும்."

"வெள்ளிக்கிழமையே சொல்லிட்டன்."

திரும்பி என்னைப் பார்த்தார். "அப்ப உந்த வாளி ஏன்?"

"நீங்கள் பழகத்தான்" என்றேன்.