பூனைப்பருந்துக்கு ஏற்ற லென்ஸ்

சௌந்தரபாண்டியன் எந்தப் பொருளையும் அவசரப்பட்டு வாங்கியவர் இல்லை. தன் கல்யாணத்துக்குச் சட்டை எடுக்க மதுரைக்குப் போய் மூன்று நாள் தங்கி, கடை கடையாக ஏறி இறங்கி, துணியை வெயிலில் பிடித்து நெசவு பார்த்து, கடைசியில் அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு தாலி கட்டியவர். கல்யாணப் போட்டோவில் அவர் தோள் ஒரு பக்கம் தொளதொளவென்று தொங்குவதற்கு அதுதான் காரணம். அவர் மனைவி கிருஷ்ணவேணி அந்தப் போட்டோவைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருந்தாள். வீட்டுக்கு வருகிறவர்கள் காரணம் கேட்பார்கள், அவளும் சலிக்காமல் சொல்வாள்.

கோவில்பட்டியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் அவர் இயற்பியல் ஆய்வக உதவியாளர். குவிலென்ஸும் குழிலென்ஸும் அவர் கையில்தான் வருஷம் பூராவும் புழங்கின. மாணவர்கள் மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்து லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்திக் குவியத் தூரம் அளக்கும்போது, இரண்டு மில்லிமீட்டர் பிசகினாலும் திரும்பவும் அளக்கச் சொல்வார். வாத்தியாரே சரி என்று விட்டாலும் இவர் விட மாட்டார்.

இப்படிப்பட்டவருக்குப் பறவை பார்க்கும் ஆசை வந்ததுதான் விதி. தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஐப்பசியில் ஒரு சாயங்காலம், கழுகுமலை ரோட்டில் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். ரோட்டை ஒட்டித் தரிசாகக் கிடந்த கரிசல் காட்டின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு பருந்து தாழப் பறந்து வந்தது. றெக்கை நுனி மட்டும் மை தொட்டு வைத்தது மாதிரி கறுப்பு. அது புல்லுக்குள் இறங்கியது. பின்னாலேயே இன்னொன்று, அப்புறம் நாலைந்து, பொழுது அடைவதற்குள் முப்பதுக்கு மேல். மரத்தில் அடையாமல் தரையில் அடைகிற பருந்தை அவர் அதற்கு முன் கண்டதில்லை. பூனைப்பருந்து என்று பெயர், எங்கேயோ வடக்கே பனி விழுகிற தேசத்திலிருந்து வருகிறது, பங்குனியில் திரும்பிப் போய்விடும் என்பதெல்லாம் நூலகத்தில் தேடிப் பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்கு ஒன்றும் தெரியாமலே சைக்கிளைப் பிடித்தபடி இருட்டும் வரை நின்றார். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. இதை அவரே சொல்லிக் கிருஷ்ணவேணி கோபித்துக்கொண்டிருக்கிறாள்.

மறுநாளே பைனாகுலர் வாங்குவது என்று முடிவு செய்தார். வாங்கியது தொண்ணூற்றேழில்.

நடுவில் இருந்த ஆறு வருஷமும் அவர் சும்மா இருந்தார் என்று யாரும் நினைக்க வேண்டாம். தூத்துக்குடியில் கப்பல் சாமான் விற்கிறவர்களிடம் ரஷ்ய பைனாகுலர் மலிவாகக் கிடைத்த காலம் அது. பத்து மடங்கு பெருக்கிக் காட்டுவதைப் பார்த்தார், கை நடுக்கத்தையும் பத்து மடங்கு பெருக்குகிறது என்று திருப்பிக் கொடுத்தார். ஏழு மடங்கு நடுங்கவில்லை, ஆனால் அது கப்பலில் ராத்திரி பார்ப்பதற்காகச் செய்தது, கரிசல் வெயிலுக்கு அத்தனை பெரிய கண்ணாடி வீண் என்றார். இருபது மடங்கைக் கழுத்தில் மாட்டிப் பார்த்தார், கழுத்து வலித்தது. ஒவ்வொன்றையும் பள்ளிக்கூட மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், நூற்பாலைத் தண்ணீர்த் தொட்டியில் எழுதியிருந்த எழுத்தைப் படித்துப் பார்ப்பார். ஓரத்து எழுத்து கொஞ்சம் வளைந்தாலும் போச்சு. அந்த ஆறு வருஷமும் பருந்துகள் ஐப்பசி தவறாமல் வந்து பங்குனி தவறாமல் போயின. இவர் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் எட்டு மடங்கில் ஒன்று வாங்கினார். வாங்கிய ராத்திரியே ஏழு வாங்கியிருக்கலாமோ என்று தூக்கம் கெட்டது. பிறகு ஒரு டெலஸ்கோப் வந்தது. அறுபது மடங்கு. கரிசலில் பத்து மணிக்கு மேல் கானல் ஓட ஆரம்பித்துவிடும், அறுபது மடங்கில் பருந்துக்குப் பதிலாகக் கானலைத்தான் அறுபது மடங்கு பார்க்கலாம். அந்தக் காட்டில் ஆடு மேய்க்கிற சின்னக்கருப்பன் ஒருநாள் ஆசைப்பட்டு அதில் கண்ணை வைத்தான். வெகுநேரம் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் தெரியுது சார். ஆனா பருந்து உங்களுக்குப் பின்னாடில்லா உக்காந்திருக்கு” என்றான். சௌந்தரபாண்டியன் திரும்புவதற்குள் அது எழுந்து போய்விட்டது.

அந்தக் காடு பூவனலிங்கம் அண்ணாச்சிக்குச் சொந்தம். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி, பரம்பரையாகத் தீப்பெட்டித் தொழில். இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் ஐப்பசியில், அந்தக் காட்டை மனை போட ஒரு புரோக்கர் கேட்டிருக்கிறான், தை பிறந்ததும் முடிவாகிவிடும் என்ற சேதி சின்னக்கருப்பன் மூலமாக வந்தது. சௌந்தரபாண்டியனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. எதையும் ஆற அமரச் செய்கிறவர், அன்றைக்கு மட்டும் சட்டையைத் திருப்பிப் போட்டிருப்பதுகூடத் தெரியாமல் அண்ணாச்சி வீட்டுக்கு ஓடினார்.

பருந்து, பனி தேசம், தரையில் அடைவது என்று அவர் சொன்னதில் அண்ணாச்சிக்குப் பாதிதான் ஏறியது. ஆனால் அந்த வீட்டில் ஒரு பழக்கம் உண்டு, ஊருக்கே தெரியும். அவர் அப்பா காலத்தில் பசுமாட்டு லேபிள் ஒட்டித் தீப்பெட்டி நன்றாக ஓடியது, அன்று முதல் அந்த வீட்டில் மாட்டை விற்பதில்லை. கிழடு தட்டியதெல்லாம் தொழுவத்தில் நின்று தின்றுகொண்டிருந்தது. பிறகு இவர் காலத்தில் இரட்டைச் சேவல் லேபிள். பதினெட்டு வருஷமாக அந்த வீட்டில் கோழிக் குழம்பு கிடையாது, மாப்பிள்ளை வந்தாலும் ஆட்டுக்கறிதான். லேபிளில் ஏறிய உயிருக்குக் கெடுதல் செய்தால் சரக்கு ஓடாது என்பது அண்ணாச்சியின் நம்பிக்கை. இப்போது வடக்கே போகிற சரக்குக்குப் புது லேபிள் தேடிக்கொண்டிருந்தார்.

“நீங்க சொல்லுத பருந்து நல்ல லட்சணமாத் தெரியுதாப்புல ஒரு போட்டோ எடுத்துக் கொண்டாங்க சார். தை பொறக்கதுக்குள்ள சிவகாசிக்கு அச்சுக்குக் கொடுக்கணும். நம்ம லேபிள்ல ஏறிட்டுன்னா, அது அடையுத காட்ட நான் எப்படி விப்பேன்? கோடி கொடுத்தாலும் விக்க மாட்டேன்” என்றார்.

சௌந்தரபாண்டியன் வீட்டுக்கு வந்து மனைவியிடம் இதைச் சொல்லும்போது கண் கலங்கிவிட்டார். ஒரு போட்டோ. ஒரே ஒரு போட்டோ. தைக்கு முழுசாக இரண்டரை மாசம் இருந்தது. அவரிடம் கேமராவும் இருந்தது. அதில் நூற்று முப்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸும் இருந்தது. சின்னக்கருப்பனும், பருந்து வந்து இறங்குகிற இடத்துக்குப் பக்கத்திலேயே வேலிமுள்ளை வெட்டிப் போட்டு ஒளிந்துகொள்ள இடம் செய்து தருகிறேன் என்றான். மறுநாளே போய் எடுத்திருக்கலாம். நீங்களோ நானோ என்றால் எடுத்திருப்போம்.

அவர் லென்ஸ் பார்க்க ஆரம்பித்தார்.

முந்நூறு மில்லிமீட்டர் போதுமா, நானூறா? நானூறு என்றால் சாயங்கால வெளிச்சத்தில் படம் இருட்டடிக்கும். முந்நூறு வாங்கி அதற்குப் பின்னால் இரட்டிப்பான் மாட்டினால் அறுநூறாகும், ஆனால் வெளிச்சம் கால்வாசியாகிவிடும். ஐந்நூறில் உள்ளே முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி வைத்த லென்ஸ் ஒன்று உண்டு, கைக்கு அடக்கம், ஆனால் பின்னால் தெரிகிற புல்லெல்லாம் உளுந்துவடை மாதிரி வட்டம் வட்டமாக விழும். இதையெல்லாம் மூன்று நோட்டில் கட்டம் போட்டு எழுதினார். சென்னையில் பழைய லென்ஸ் விற்கிற கடைக்காரருக்குக் கடலைமிட்டாய்ப் பொட்டலத்தோடு கடிதம் போட்டார். அவர் ஒன்று அனுப்பினார். டார்ச் அடித்துப் பார்த்ததில் உள்ளே ஓரமாக நூல் மாதிரி பூஞ்சை ஓடியிருந்தது. படத்தில் அது தெரியாது என்று கடைக்காரர் போனில் சத்தியம் செய்தார். தெரியாது என்பது இவருக்கும் தெரியும். ஆனாலும் உள்ளே இருக்கிறதே என்று திருப்பி அனுப்பினார்.

கார்த்திகை கடைசியில் அண்ணாச்சி ஆள் விட்டுக் கேட்டார். இவர், வேலை நடக்கிறது என்று சொல்லி அனுப்பினார். கிருஷ்ணவேணி அடுப்படியிலிருந்து ஒரு காலித் தீப்பெட்டியை எடுத்து வந்து அவர் நோட்டின் மேல் வைத்தாள்.

“ஏங்க, படம் ஒட்டப்போறது இதுலதான? என் ரெண்டு விரல் அகலம்கூட இல்ல. பீடி பத்தவைக்கிறவன் பருந்து மூக்கு எப்படி இருக்குன்னா பாக்கப் போறான்? இருக்குத லென்ஸ வச்சு எடுத்துக் கொடுத்துட்டு வாங்க.”

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதனால்தான் அவருக்குக் கோபம் வந்தது. லேபிள் சின்னதுதான், ஆனால் பருந்து சின்னதா என்று கேட்டார். பனி தேசத்திலிருந்து இத்தனை தூரம் பறந்து வருகிறதை ஏனோதானோ என்று எடுத்துக் கொடுத்தால் அது மரியாதையா என்று கேட்டார். அவள் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மார்கழியில் ஒரு நல்ல நானூறு, கறை இல்லாதது, சிங்கப்பூரில் இருக்கும் மைத்துனன் கண்ணில் பட்டது. வாங்கட்டுமா என்று போன் செய்தான். வாங்கு என்று சொல்ல வாயைத் திறந்தவர், இனிமேல் எல்லாம் டிஜிட்டல்தான், பிலிம் கேமரா லென்ஸெல்லாம் குப்பைக்குப் போகப்போகிறது என்று அந்த வாரம் ஸ்டுடியோக்காரர் சொன்னதை நினைத்து, ஒரு வாரம் பொறு என்றார். அந்த ஒரு வாரம் நாலு வாரமானது. சாயங்காலங்களில் சின்னக்கருப்பன் வேலிமுள் மறைவுக்குப் பக்கத்தில் தனியாக நின்று ரோட்டைப் பார்த்துவிட்டு ஆட்டைப் பத்திக்கொண்டு போனான்.

மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள், கொஞ்சம் தவணை கேட்டுவரலாம் என்று அண்ணாச்சி வீட்டுக்குப் போனார். அண்ணாச்சி சந்தோஷமாக உட்காரவைத்து, அச்சாகி வந்திருந்த லேபிள் தாளைக் காட்டினார். கொய்யாக் கிளையில் ஒரு பச்சைக் கிளி. மூக்கு சிவப்பு, பக்கத்தில் ஒரு ரோஜாப்பூ.

“வடக்க சரக்கு போயாகணும்லா சார். பாத்துப் பாத்து நாள் போயிட்டு. சிவகாசிக்காரன் கையில கிளி தயாரா இருந்துச்சு, சரி போடுன்னுட்டேன். நீங்க எதைக் கொண்டாந்திருந்தாலும் போதும் சார். மங்கலா இருந்தாலும் அவனே வரைஞ்சு சரி பண்ணிருப்பான், சேவலயும் அப்படித்தான் பண்ணான்.”

காட்டுக்கு முன்பணம் வாங்கியாகிவிட்டது. கொல்லையில் கொய்யாவைக் கிளி கொத்திக்கொண்டிருந்தது, அதை விரட்டப் போன வேலைக்காரியை அண்ணாச்சி சத்தம் போட்டு நிறுத்தினார். அங்கே கொடுத்த காபியைக் குடித்தோமா என்று சௌந்தரபாண்டியனுக்கே நினைவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை நடந்து வந்து, அங்கே வந்து என்ன செய்வது என்று தெரியாமல் திரும்ப வீட்டுக்கு நடந்தார்.

லென்ஸ் மாசி மாசம் வந்தது. மைத்துனன் கேட்காமலே வாங்கி அனுப்பிவிட்டான். மனதைத் தேற்றிக்கொண்டு ஒரு சாயங்காலம் அதைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போனார். புல்லை இயந்திரம் வைத்துச் செதுக்கி, வரிசையாக மனைக்கல் நட்டு, கல்லுக்கு மஞ்சள் அடித்திருந்தார்கள். சின்னக்கருப்பன் ஆடுகளை ரோட்டோரத்தில் மடக்கிப் போட்டிருந்தான்.

“ரெண்டு நாளு சுத்திச் சுத்தி வந்துச்சு சார். இறங்க இடம் பாத்துச்சு. மூணாம் நாள் வரல” என்றான்.

சௌந்தரபாண்டியன் லென்ஸைக் கேமராவில் மாட்டிக் கண்ணில் வைத்தார். அருமையான லென்ஸ். காட்டின் அந்தக் கடைசியில் இருந்த போர்டில் எழுத்து ஓரம்கூட வளையவில்லை, போன் நம்பரின் கடைசி இலக்கம் வரை கூர்மையாக இருந்தது. அவருக்கு அழுகை வந்து போர்டு மங்கியது.

அந்த நேரத்தில் அண்ணாச்சியின் கார் வந்து நின்றது. கூடப் புரோக்கரும் இறங்கினான். லென்ஸின் நீளத்தைப் பார்த்து அண்ணாச்சி அசந்துபோனார். பழசை மனதில் வைக்காதவர், நல்ல மனுஷர். மனை நோட்டீஸுக்கு ஒரு படம் வேண்டும், இத்தனை பெரிய லென்ஸ் இருக்கிறதே, சார் ஒன்று எடுத்துத் தந்தால் நன்றாக இருக்கும் என்றார்.

“அண்ணாச்சி, இது தூரத்துல இருக்குததுக்குள்ளது” என்றார் சௌந்தரபாண்டியன். “மனை முழுசா விழணும்னா அகலமான லென்ஸ் வேணும். இருபத்தெட்டா முப்பத்தஞ்சான்னு பாக்கணும். ஒரு ரெண்டு மாசம் பொறுங்க, விசாரிச்சுச் சொல்லுதேன்.”

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. முகம் சுண்டிப்போய்த் தலையைக் குனிந்துகொண்டார். புரோக்கர் கைப்பையிலிருந்து சின்னதாக ஒரு பிளாஸ்டிக் கேமராவை எடுத்து, கண்ணில்கூடச் சரியாக வைக்காமல், நின்ற இடத்திலிருந்தே இரண்டு தடவை அழுத்தினான். அடுத்த வாரம் நோட்டீஸ் ஊரெல்லாம் வந்தது. படம் குறை சொல்ல முடியாதபடி விழுந்திருந்தது. பருந்துகள் வந்து இறங்குகிற மூலையில் நட்ட கல் வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது.