முகத்துக்கு விழுந்த மடிப்பு

எங்கள் கரையோரத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் கல்யாணச் சேலை, கிரீடம், தலைக்குப் போடும் வெள்ளை நெட் எல்லாம் மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவருவது வழக்கம். இப்படித்தான் வேண்டும் என்று பெண் வீட்டார் கேட்பது மரியாதையில்லை. தரகர் வந்து, "நெட் நீளமாத்தான் வருதாம். முகத்துக்கும் ஒரு மடிப்பு விழுமாம்" என்றபோது எனக்குப் பொறி தட்டியது.

என் இடது கன்னத்தில், காதடியிலிருந்து தாடை வரை, வெந்த தழும்பு இருக்கிறது. எங்கள் ஊர் குறிஞ்சிப்பிட்டியில் எல்லோருக்கும் அது பழகிவிட்டது. மாப்பிள்ளைக்கு இத்தாலியில் வேலை. நாட்டில் சண்டை முடிந்து, பாதையில் சோதனைச் சாவடிகளை எடுத்துவிட்ட காலம் அது. அவருடைய அம்மா, மாமி மட்டும் சிலாபத்திலிருந்து வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார். மகனுக்குப் போனது மூன்று போட்டோக்கள். மூன்றிலும் என் வலது கன்னம்தான்.

மாமி மகனிடம் மறைத்துவிட்டார் என்று முடிவுகட்டினேன். பலிபீடத்துக்கு முன்னால் வாக்குக் கொடுத்து முடியும்வரை என் முகத்தை மூடி வைக்கப்போகிறார்கள். அதற்குப் பிறகு மடிப்பைத் தூக்கிப் பார்த்து அவரால் என்ன செய்ய முடியும்? ஏமாற்றிக் கட்டிவைத்தவள் என்று காலம் முழுக்க அவர் பார்வை சொல்லுமே.

தையல் அக்கா தன் ஆல்பத்தைக் காட்டினார். முழங்கையோடு நிற்கும் கட்டை நெட், தரையில் இழுபடும் நெட், கிரீடத்திலிருந்து விரியும் நெட். கொண்டைக்குக் கீழே குத்தி இடுப்புவரை விடுவது எனக்குப் பிடித்தது. அதில் முகம் திறந்திருக்கும். "கொண்டுவந்ததுக்குப் பிறகு பாப்பம்" என்று அம்மா ஆல்பத்தை மூடிவிட்டார். அவரும் கூட்டு என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய கூட்டு என்று அப்போது தெரியவில்லை.

ஒருநாள் போனில் மாப்பிள்ளையின் வாயைக் கிண்டிப் பார்த்தேன். "நெட் எப்பிடி இருந்தா உங்களுக்கு விருப்பம்?"

"அதெல்லாம் அம்மா பாத்துக்கொள்ளுவா" என்றார்.

அவருடைய அம்மா எதைப் பார்த்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியாதா?

கல்யாணத்துக்கு இரண்டு கிழமைக்கு முன் மாமி சாமான்களோடு வந்தார். பெட்டியைத் திறந்ததும் முகத்து மடிப்புத்தான் மேலே கிடந்தது. என்னால் அடக்க முடியவில்லை.

"மாமி, உங்கட மகனுக்கு என்ட கன்னம் தெரியுமா? மறைக்கவா இது?"

மாமி திகைத்துப்போனார். "ஐயோ மகள், முகத்த மூடுற மாதிரி வேணுமெண்டு உங்கட அம்மாதானே தரகர்ட்ட சொல்லியனுப்பினா? எங்கட பக்கம் அப்பிடிப் போடுறதே இல்ல. மகனுக்கு அண்டைக்கே சொல்லிட்டன். இப்பவும் நோகுமா எண்டு மட்டுந்தான் கேட்டான்."

அம்மா எழுந்து குசினி அடுப்படிக்குப் போய்விட்டார். மாமி போன பிறகு நான் பின்னாலேயே போய் நின்றேன்.

"கலியாணத்துக்கு வாற ஒவ்வொருத்தியும் இந்தத் தழும்பு எப்பிடி வந்தது எண்டு கேப்பாள்" என்றார், முகத்தைத் திருப்பாமல். "அண்டைக்கு ஒரு நாளாவது நான் பதில் சொல்லாம இருக்கலாமெண்டு பாத்தன்."

எனக்கு மூன்று வயதில், கரையில் கடலட்டை அவித்துக்கொண்டிருந்த அம்மா கொதிதண்ணிச் சட்டியோடு திரும்பியிருக்கிறார். நான் பின்னால் நின்றதை அவர் பார்க்கவில்லை. வீட்டில் அதை நாங்கள் கதைப்பதில்லை. நான் அவரைக் குறை சொன்னதில்லை. அவர்மேல் குறையில்லை என்று சொன்னதும் இல்லை. அன்றும் சொல்லவில்லை, கோபம் அப்படி இருந்தது. என்னைக் கேட்காமல் என் முகத்தை மூடப் பார்த்திருக்கிறாரே.

தையல் அக்கா மடிப்பை வெட்டியெடுத்து, நான் கேட்டபடியே கொண்டைக்குக் கீழே குத்திவிட்டார். திறந்த முகத்தோடுதான் கோயிலுக்குள் நடந்தேன். மாப்பிள்ளை நேராகப் பார்த்துச் சிரித்தார்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி என் நாடியைப் பிடித்து முகத்தைத் திருப்பினாள். "இது எப்பிடி மகள் வந்தது?"

பக்கத்தில் அம்மா. அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"சின்னதில சரியான குழப்படி நான். அம்மா கத்தக் கத்தக் கேளாம ஓடிப்போய்ச் சட்டிய இழுத்துப்போட்டன்."

அந்தப் பெண் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளையும் பெண்ணும் மட்டும் நில்லுங்கள் என்று போட்டோக்காரர் இரண்டு தரம் சொல்லியும் அவர் விடவில்லை.