பத்துப் பாட்டில் தண்ணீர்

அப்பா இருபத்தேழு வருடம் லாரி எடைமேடையில் வேலை பார்த்தார். சரக்கோடு ஒரு எடை, இறக்கிவிட்டு வரும்போது ஒரு எடை. கழித்துச் சீட்டு எழுதுவார். நான் ஆய்வகத் தராசுகளைச் சரிபார்ப்பவள்.

அவருக்கு இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. எடைமேடை அறைக்கு ஆறு படி. ஒவ்வொன்றிலும் நின்று ஏறினார். அறுவை மருத்துவர் கறாராகச் சொன்னார்: "தொண்ணூத்தாறு கிலோவோட வந்தா கத்தியத் தொடமாட்டேன். எண்பத்தஞ்சுக்குக் கீழ வாங்க."

நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிளை அறை ஜன்னலோரம் போட்டார். வேலை நடுவே கிடைப்பது பதினைந்து நிமிடம். அதற்குள் முடிய உடற்பயிற்சியாளர் ஒருவர் வழி சொன்னார்: இருக்கையை உயர்த்தி, பளுவைக் குறைத்து, மூன்று நிமிடம் மெதுவாக. பிறகு ஒரு நிமிடம் மூச்சிரைக்க, இரண்டு நிமிடம் மெதுவாக, நான்கு முறை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. மாலை பிஸ்கட்டை அப்பாவே நிறுத்தினார். மிதித்ததை அது தின்றுவிடுமாம்.

கேட்டிலிருந்து மேடைக்கு லாரி வர ஒரு நிமிடம். அதுதான் அவருடைய வேக நிமிடம். சைக்கிளில் இருந்தபடியே சீட்டை நீட்டுவார்.

"என்னண்ணே, மாசக்கணக்கா மிதிக்கிறீங்க, இன்னும் ஜன்னலத் தாண்டலையே!" என்பார் ஓட்டுநர்.

"தாண்டிட்டா உனக்குச் சீட்டு யாருடா குடுக்கிறது?"

நான் வாங்கிக்கொடுத்த எடை மெஷின் பெட்டியிலேயே கிடந்தது. லாரி மேடையில்தான் ஏறி நின்றார். போனில் சிரித்தேன்.

"அப்பா, அது பத்துப் பத்தாத்தான் காட்டும். எண்பத்தாறும் தொண்ணூறுதான், தொண்ணூத்தி நாலும் தொண்ணூறுதான். அதுல ஏறி என்னத்தப் பாக்குறீங்க?"

"நீ சொல்றது சரிதான் கண்ணு. நான் பாத்துக்கிறேன்."

நான்கு மாதம் இதையே சொல்லிச் சிரித்தேன்.

மருத்துவரைப் பார்க்க வேண்டியது ஒரு திங்கட்கிழமை. சனிக்கிழமை காலை அப்பா எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. சைக்கிளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார்கள். நான் இரண்டு முறை கேட்டேன்.

அவருடைய பொருள்களை எடுக்க எடைமேடைக்குப் போனேன். சைக்கிளுக்குப் பக்கத்தில் ஒரு லிட்டர் பாட்டில்கள் பத்து, தண்ணீரோடு, வரிசையாக.

"இதெல்லாம் எதுக்குண்ணே?" என்று கேட் காவலாளியைக் கேட்டேன்.

"அதும்மா, அவரு ஏறி நிப்பாரு, தொண்ணூறுன்னு காட்டும். நூறுன்னு மாறுற வரைக்கும் நான் பக்கத்துல ஒவ்வொரு பாட்டிலா வைக்கணும். மொதல்ல ரெண்டே பாட்டில்ல மாறிடும். கடைசியில பத்து ஆச்சு. அவரு போறதுக்கு ரெண்டு நாள் முன்ன, வியாழக்கிழமை, பாட்டிலுக்கு வேலையே இல்ல. ஏறுனதும் எண்பது! நம்பாம எறங்கி மறுபடி ஏறுனாரு. அப்பவும் எண்பது. 'பொண்ணுகிட்ட வாயத் தொறக்காத, டாக்டர் மெஷின்லயும் பாத்துட்டுச் சொல்றேன், இல்லாட்டி ஓட்டித் தள்ளிடுவா'ன்னாரு."

தொண்ணூற்றைந்தில் திரை நூறுக்குத் தாவும்; பத்துப் பாட்டிலைக் கழித்தால் எண்பத்தைந்து. எடை அதற்கும் கீழே போனால்தான் எண்பது காட்டும்.

எண் தாவும்வரை சிறிய எடைகளைச் சேர்ப்பது. ஆய்வகத்தில் வாரம் தவறாமல் நான் செய்வது அதைத்தான்.

பாட்டில்களை மேடை ஓரத்தில் வைத்துவிட்டுக் கீழே நின்றேன். திரை 10 காட்டியது. ஒவ்வொன்றாக எடுத்தேன். ஆறாவதை எடுத்ததும் 0 ஆனது. நான்கு பாட்டில் மேடையிலேயே இருந்தன.

பின்னால் லாரி ஹாரன் அடித்தது. அவற்றையும் எடுத்துக்கொண்டு விலகினேன்.