நெஞ்சில் ஏறிய ஆரஞ்சுக்காரி

என் வீட்டுக்காரர் வேலப்பன் கடற்படையில் இருந்தவர். பீரங்கிக்குப் பயப்படாத மனுஷன் ஒரு சந்தனக் கிண்ணத்தை நம்பி நடுங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். கேட்டால் இன்றைக்கும் மறுப்பார். மறுக்கட்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில் அவர் கப்பல் பயிற்சிக்காக மால்டா தீவில் நின்றது. அங்கே ஆரஞ்சு விற்ற ஒருத்தியிடம் இவருக்குப் பைத்தியம். தினமும் வாங்கி வாங்கிக் கப்பல் முழுக்கத் தின்னக் கொடுத்திருக்கிறார். கூட்டாளி நேசையன் சும்மா இருப்பானா? "மக்கா, அவளுக்கும் உன்மேல ஒரு இது உண்டு, கேட்டியா" என்று ஏற்றிவிட்டான். ரம்மை ஊற்றிக் கொடுத்து, பச்சை குத்தும் கடைக்கு இழுத்துப்போய், அவள் முகத்தை இவர் நெஞ்சிலேயே குத்த வைத்துவிட்டான், பாவி. மறுநாள் இவர் சட்டையைத் திறந்து காட்ட, அவள் விழுந்து விழுந்து சிரித்து, புருஷனையும் கூப்பிட்டுக் காட்டினாளாம். காதல் அதோடு சரி. முகம் மட்டும் திருவனந்தபுரம் வந்து சேர்ந்தது.

இங்கே நான் காத்திருந்தேன். அத்தை மகன்; எனக்கென்று சின்ன வயதிலேயே பேசி வைத்தது. என் அப்பா நயினார் பிள்ளைக்குச் சாலைக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை. பத்மநாப சுவாமியைத் தொழாமல் எந்தக் காரியத்தையும் முடிக்க மாட்டார். "மருமோனே, நாளைக்கு எல்லாருமா தொழுதுட்டு வந்து தாம்பூலம் மாத்துவோம்" என்றார்.

அந்தக் கோயிலுக்குள் ஆண்கள் சட்டையோடு நுழைய முடியாதே! இவருக்கு முதலில் காய்ச்சல், பிறகு வயிற்றுவலி, அப்புறம் கால் சுளுக்கு. அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "இஷ்டமில்லன்னா சொல்லட்டும். நாகர்கோயில்ல ஒரு சம்பந்தம் காத்துக் கெடக்கு" என்று ஒரே போடாகப் போட்டார். எனக்கு இவர்தான் வேண்டும்.

கடைசியில் வந்தார். சுவருக்குச் சாந்து பூசியதுபோல் நெஞ்சு முழுக்கச் சந்தனம். கூட்டத்தில் வேர்த்துக் கொட்டியது. பிரகாரம் சுற்றி முடிப்பதற்குள் சந்தனம் உதிர்ந்து ஒரு கண் தெரிந்தது, பிறகு மூக்கு, பிறகு முழு முகமும். அப்பா நின்றுவிட்டார்.

"எவடே இது?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்குச் சந்நிதி என்றும் பாராமல் ஓங்கி ஒன்று வைத்திருப்பேன். வைத்தால் எனக்கு நாகர்கோயில் மாப்பிள்ளைதான்.

"நாந்தாம்ப்பா" என்றேன். "அத்தைகிட்ட என் போட்டோ இருந்துதுல்லா? அதைக் கப்பலுக்குக் கொண்டுபோயிருக்காரு. குத்துனவனுக்குக் கை சரியில்ல."

அப்பா என் முகத்தையும் அவர் நெஞ்சையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. "இதுக்காடே இவ்வளவு வெக்கம்?" என்று மருமகனின் தோளைத் தட்டினார். அன்றைக்கே தாம்பூலம் மாறியது.

ஆள் இல்லாத நேரம் பார்த்து இவர் என்னிடம் வந்தார். "மங்கலம், நீ மட்டும் இல்லன்னா..."

"பேசாதீங்க அத்தான். இவளுக்குப் பொட்டு இல்ல, மூக்குத்தி இல்ல, ஜடை இல்ல. கல்யாணத்துக்குள்ள எல்லாம் குத்திட்டு வரணும்."

"வலிக்குமே, மங்கலம்."

"வலிக்கட்டும். என் ஜடை இடுப்பு வரைக்கும் உண்டு, பாத்துக்கிடுங்க."