ஜார் மன்னனுக்குப் போர்த்திய பொன்னாடை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். இது ஊரறிந்த விஷயம். அதனால்தான் சுவிஸின் பேர்ண் நகரில் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்து ஆண்டுவிழா நாடகத்தில், நாடே கண்டு நடுங்கிய ரஷ்ய ஜார் மன்னன் ஒருவனாக என்னைப் போட்டபோது ஒருவரும் ஆச்சரியப்படவில்லை.

நாடகத்தை எழுதி இயக்கியவள் என் மகள். சட்டப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு லோசானுக்கு நாடகம் படிக்கப் போவதாக அவள் சொன்ன அன்று, "இனி இந்த வீட்டுப் படி மிதியாதை" என்று கத்திவிட்டேன். சொன்னதைச் செய்கிற பிள்ளை. எட்டு மாதமாக மிதிக்கவில்லை. சனிக்கிழமைகளில் ரயிலில் வந்து ஒத்திகை பார்த்துவிட்டு, அப்படியே ஸ்டேஷனுக்குப் போய்விடுவாள். என்னை அப்பா என்றும் கூப்பிடுவதில்லை, 'ராசா' என்றுதான். அவளோடு கதைக்க வேறு வழி இல்லாததால்தான் அந்த வேடத்துக்கே நான் ஒத்துக்கொண்டேன்.

"ராசா, நீங்கள் நடிக்கத் தேவையில்லை. வழமைபோல வந்து நில்லுங்கோ" என்றாள் முதல் நாளே. எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுட்டது.

மன்னனின் கதையையும் அவள்தான் சொன்னாள். மூன்று வயதில் தகப்பனை இழந்தவனாம். தேவாலயத்துக்குப் பாட்டுக்கூட எழுதியிருக்கிறானாம். கோபத்தில் கைத்தடியால் சொந்த மகனையே அடித்துக் கொன்றான் என்பார்கள். போனில் ஓர் ஓவியம் காட்டினாள். இரத்தம் வழியும் மகனின் தலையைக் கிழவன் பொத்திப் பிடித்திருக்கிறான். கண்கள் பிதுங்கி நிற்கின்றன. "இந்தக் கண் வேணும்" என்றாள். அடிக்கிற காட்சியில் வெளுத்து வாங்கிவிட்டேன். அந்தக் கண் மட்டும் கடைசி ஒத்திகைவரை வரவில்லை.

விழாவன்று, இளவரசனாக நடிக்க இருந்தவருக்குக் காய்ச்சல். மகளே அந்த வேடத்தைக் கட்டிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் நான் தரை துடைக்கிற தடி ஒன்றுக்குத் தங்கத்தாள் சுற்றிச் செங்கோல் ஆக்கியிருந்தோம். அதை ஓங்கினேன். அவள் விழுந்தாள். ஓடிப்போய் அவள் தலையை மடியில் எடுத்தேன்.

அந்த நேரம் பார்த்து விழாக்குழுத் தலைவர் பொன்னாடையோடு மேடை ஏறினார். எங்கள் மேடைகளில் இது புதிதல்ல. "எனக்கு ரயில் பிடிக்கவேணும். குறை நினையாதேங்கோ அண்ணை" என்று மைக்கில் சொல்லி, அழவேண்டிய மன்னனுக்குப் போர்த்திப் படமும் எடுத்துக்கொண்டார். சபை சிரித்தது. பிறகு கப்சிப். நான் வெடிக்கப் போகிறேன் என்று எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

மடியில் கிடந்த இளவரசன் என் கையை இறுக்கிப் பிடித்தான். குனிந்து பார்த்தேன். சின்ன வயதில் நான் கத்தும்போதெல்லாம் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். அதேபோல மூடியிருந்தாள். இவ்வளவு காலமும் இவள் என்னைக் கண்டு பயந்துதான் வளர்ந்தாளா? தலைவரை மறந்தேன். வசனத்தை மறந்தேன். பொன்னாடையை உருவி அவள் தலைக்குக் கட்டினேன்.

"பிள்ளை, அப்பாவை மன்னிச்சுக்கொள்ளம்மா. வீட்டை வா."

திரை விழுந்தது. அவள் எழும்பவில்லை. கண்ணைத் திறந்து என்னையே பார்த்தாள்.

"இது நான் எழுதின வசனமில்லை."

"ஓம். தெரியும்."

பொன்னாடையின் நுனியால் என் முகத்தைத் துடைத்தாள்.

"அந்தக் கண் வந்திட்டுது, அப்பா. வாங்கோ, வீட்டை போவம்."