ரென் சொன்னால் சரி

முயல் பிடிக்கப் போகிற இடத்தில் வேன் கதவை மால்கம் லார்ட்டர் ஒருநாளும் அறைந்து சாத்த மாட்டார். இடுப்பால் மெல்ல முட்டிக்கொண்டே போய், கடைசியில் உள்ளங்கையை வைத்து ஓர் அமுக்கு அமுக்குவார். அதற்குப் பிறகு பையில் கிடக்கும் சில்லறையை எடுத்து ஸ்டியரிங் பக்கத்தில் கொட்டுவார். சாவிக்கொத்தும் அங்கேயேதான். கைபேசியோ வீட்டில், மனைவி பாலினின் சமையல் மேசைமேல். "எதுக்குய்யா அப்புறம் அதை வாங்கினே?" என்று கேட்டுக் கேட்டு அவளுக்கே அலுத்துவிட்டது. முயலுக்கு மண்ணுக்குள்ளும் காது உண்டு என்பது மால்கமின் கட்சி. மேலே சத்தம் கேட்டதோ, உள்ளே போய்க் குந்தினது குந்தினதுதான். எது உள்ளே புகுந்து பின்னங்காலைக் கடித்தாலும் வெளியே வராது.

பின்கதவைத் திறந்தால் ரென் இறங்குவாள். நாயை 'அது' என்று எழுதுவதுதான் முறை. ஆனால் மால்கம் காதில் விழுந்தால் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேச மாட்டார், நமக்கெதற்கு வம்பு. ரென் ஒரு லர்ச்சர். கிரேஹவுண்ட் என்கிற பந்தய நாயின் காலையும், அதைவிடப் புத்தியுள்ள ஏதோ ஒரு நாயின் மூளையையும் சேர்த்துக் கட்டின கலப்பு. மணல் நிறம், கம்பிமுடி, ஒன்பது வயது. வீட்டில் இவளைப் பார்த்தால் இதுவா வேட்டை நாய் என்று சிரிப்பு வரும். சோபாவில் மல்லாந்து நாலு காலையும் மேலே நீட்டிக்கொண்டு கிடப்பாள். ரொட்டி சுடும் மெஷின் 'டக்'கென்று துள்ளினால் மாடிக்கு ஓட்டம். குளிர் ஆகாது, பாலின் பின்னிக் கொடுத்த கம்பளிச் சட்டை வேண்டும். திருட்டில் மட்டும் மகா தைரியசாலி. போன கிறிஸ்துமஸுக்கு அரைப் பாளம் வெண்ணெயைத் தின்றுவிட்டுக் காகிதத்தைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

வயல்கரையில் கால் வைத்தாளானால் இவள் வேறொரு ஆள். ஹெலன் கூச்சின் கோதுமை வயலை ஒட்டி அரை மைலுக்கு ஒரு மண்மேடு, அதன்மேல் முள்வேலிச் செடி. உள்ளே முயல்கள் தோண்டின பொந்துகள் நூறு இருக்கும். அதில் எதில் முயல் இருக்கிறது, எது காலி என்று மனுஷனுக்கு எப்படித் தெரியும்? ரெனுக்குத் தெரியும். கயிறு கிடையாது, கட்டளை கிடையாது. பொந்து பொந்தாக மூக்கை ஒருகணம் காட்டிவிட்டு நடந்துகொண்டே இருப்பாள். காலி என்றால் நிற்கவே மாட்டாள். ஆள் இருந்தால் நிற்பாள். தலை ஒருபக்கம் சாயும், முன்னங்கால் ஒன்று மேலே மடங்கும். குரைப்பு இல்லை, முனகல் இல்லை. "வீட்ல ஆளு இருக்கு" என்று மால்கம் வாய்க்குள் சொல்லிக்கொண்டு மண்டியிட்டு, பொந்து வாயில் சுருக்கு வலையை விரித்து, முளைக்குச்சியைக் கையாலேயே அமுக்கி இறக்குவார். அப்புறம் வலையின் ஓரத்தைத் தூக்கி ஃபெரட்டை உள்ளே விடுவார். நம் கீரிக்குத் தங்கச்சி மாதிரி ஒரு வெள்ளைப் பிராணி அது. முயலை உள்ளிருந்து துரத்தும். முயல் பாய்ந்து வந்து வலையில் விழும். தப்பி வேறு வழியாக ஓடினால் ரென் இருக்கிறாள். நாலே பாய்ச்சல். கொண்டுவரும்போது முயல்மேல் ஒரு பல் பதிந்திருக்காது. உயிரோடு மால்கமின் கையில் வைத்துவிட்டுத் திரும்பி நின்றுகொள்வாள். மீதி வேலையை அவர் ஒரே நொடியில் முடிப்பார். அதை மட்டும் அவள் பார்ப்பதில்லை.

மால்கம் யாரையும் நம்பாத மனுஷர். "வானிலைக்காரன் பொய் சொல்வான். டாக்டரோட மெஷின் பொய் சொல்லும். ஏன், புதுக் கோட்டு என்ன விலைன்னு கேட்டா பாலினே பொய் சொல்லுவா. ரென் சொல்ல மாட்டா." இதை ஊரில் இருக்கிற அத்தனை பேரிடமும் இரண்டு தடவையாவது சொல்லியிருப்பார். இன்னொரு குணமும் உண்டு: அறுபத்தெட்டு வயசில் 'தப்பு என்மேலதான்' என்று அவர் வாயிலிருந்து ஒருவரும் கேட்டதில்லை. வேனைப் பின்னால் எடுத்துப் பாலினின் சைக்கிளை அப்பளமாக நொறுக்கினபோதுகூட, இறங்கிப் பார்த்துவிட்டு, "இதை இங்க யாரு வெச்சது?" என்று அவளையே கேட்டார். அந்த ஆள்தான் ஜனவரியில் மாட்டிக்கொண்டார்.

அன்றைக்கு நல்ல காற்று. ஹெலனும் கூட வந்திருந்தாள். கோதுமை முளையை வரப்பிலிருந்து முப்பது கஜத்துக்கு முயல் மொட்டையடித்துவிட்டது என்று அவளுக்குக் கவலை. மால்கமுக்கோ, பார்க்க ஆள் இருக்கிறது என்கிற மிதப்பு. ஒரு கிழட்டு மரத்தின் வேரடியில் ரென் நின்று காலைத் தூக்கினாள். மால்கம் குனிந்து பார்த்தார். பொந்து வாய் முழுக்கப் பழைய இலைக்குப்பை. காலடித் தடம் இல்லை, புழுக்கை இல்லை. மாசக்கணக்கில் யாரும் குடியிருந்த இடமாகத் தெரியவில்லை.

"வா இந்தப் பக்கம்" என்றார். ரென் நகரவில்லை. ஹெலன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொய் சொல்லாதடி!" என்று ஒரு அதட்டல். கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்து அப்பால் கொண்டுபோய் நிறுத்தினார். ஒன்பது வருஷத்தில் அந்தப் பட்டையை அவர் கோபத்தில் தொட்டது அதுதான் முதல் தடவை. பத்தடி தள்ளி வேறொரு பொந்தில் ஃபெரட்டை இறக்கினார். அடுத்த நிமிஷம் அந்தக் கிழட்டு மரத்தடியில், அதே இலைக்குப்பையைப் பிய்த்துக்கொண்டு, வலையும் இல்லாத வாசல் வழியாக ஒரு கொழுத்த முயல் கிளம்பிக் கோதுமைக்குள் ஓடியது. ரென் அது போவதைப் பார்த்தாள். துரத்தவில்லை. நிறுத்தின இடத்திலேயே நின்றாள்.

"சரியாத்தான் சொல்லியிருக்கா போல" என்றாள் ஹெலன், சாதாரணமாக.

மால்கம் வலையைச் சுருட்டினார். "காத்து ஜாஸ்தி" என்றார்.

லர்ச்சர் வளர்க்கிற எவனுக்கும் தெரியும், இந்த ஜாதியை அடிக்க வேண்டாம், ஒரு சுடுசொல் போதும். மற்ற நாய்கள் அடுத்த வேளைச் சோற்றில் மறந்துவிடும். இவர்கள் மறப்பதில்லை. ரென் அன்று முதல் வேலைநிறுத்தம். கரைக்கு வருவாள், முன்னால் நடப்பாள், எல்லாம் சரி. ஆனால் வால் தொங்கியிருக்கும், எந்தப் பொந்திலும் நிற்க மாட்டாள். காலாற நடக்க வந்தவள் மாதிரி ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்விட்டு, வேனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். மால்கம் குருட்டாம்போக்கில் நாற்பது பொந்துக்கு வலை கட்டிப் பார்த்தார். கிடைத்தது ஒரு முயல். ஒரு தடவை ஃபெரட் உள்ளே போய்ப் படுத்துத் தூங்கிவிட, மண்வெட்டியோடு மூன்று மணி நேரம் தோண்டினார். முட்டி வீங்கிவிட்டது. வீக்கம்கூடப் பெரிதில்லை. அவள் அவர் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள், அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. இனி ஒருநாளும் பார்க்கமாட்டாளோ என்று பயந்தார்.

ஈரலை வதக்கிக் கொடுத்தார். தின்றாள். கரைக்கு வந்தாள். நிற்கவில்லை. ஈரல் பாட்டுக்கு ஈரல், ரோஷம் பாட்டுக்கு ரோஷம்.

"தப்புப் பண்ணது நீ. போய்ச் சொல்லு அவகிட்ட" என்றாள் பாலின், முயல்கறிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

"நாய்கிட்டயா?"

"என்கிட்ட சொல்லிப் பழகியிருந்தா இப்ப வாய் வந்திருக்கும்."

"நான் என்ன பெருசா சொல்லிட்டேன்? பொய்யின்னு ஒரு வார்த்தை."

"நாப்பத்திரெண்டு வருஷமா உன் கூட இருக்கேன். என்னை அப்படி ஒரு தடவை நாலு பேர் முன்னால சொல்லிப் பாரேன், அப்புறம் உனக்குச் சோறு யாரு போடறான்னு பாப்போம்."

சோபாவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள் ரென். மால்கம் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். உட்காரவே இரண்டு நிமிஷம் ஆயிற்று, அந்த முட்டியோடு. தொண்டையைச் செருமினார். கை அவள் முதுகெலும்பு மேல் போயிற்று, வந்தது. "அன்னிக்குக் காத்து கொஞ்சம் அதிகம்தான் இருந்துச்சு" என்றார். அதற்குமேல் வரவில்லை. சமையலறையில் கத்திச் சத்தம் நின்றது. பாலின் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாளோ, வேறு எதையோ.

பிப்ரவரி நடுவில் ஒரு காலை. புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாக நின்றது. ஹெலன் தன் வயல் என்ன ஆகிறது என்று பார்க்க மறுபடி வந்திருந்தாள். மால்கம் அவளை மேட்டின் அந்தப் பக்கம் நிற்கச் சொன்னார். "ஏதாவது ஓடினா கையை மட்டும் தூக்கு பொண்ணே, கத்தாதே." ரென் வழக்கம்போல முன்னால் நடந்தாள், வால் தொங்கலோடு. பத்துப் பொந்து போயிற்று, இருபது போயிற்று. அப்புறம், மேடு வளைகிற இடத்தில், நின்றாள்.

முழுசாக நின்றாள் என்று சொல்ல முடியாது. முன்னங்கால் பாதிவரை எழுந்து அங்கேயே தயங்கியது. ஒரு மாசத்துக்குப் பிறகு, தலையைத் திருப்பி மால்கமைப் பார்த்தாள்.

அவர் பொந்தைப் பார்த்தார். பட்டுப்போன செந்தட்டித் தண்டுகள் குறுக்கே விழுந்திருந்தன. வாயை அடைத்தாற்போல ஒரு சிலந்திவலை, உறைபனி பூத்து, ஓர் இழைகூட அறாமல். பச்சைக் குழந்தைகூடச் சொல்லும், இந்த வாசலைத் தாண்டி யாரும் போய் ரொம்ப நாள் ஆயிற்று என்று. ஹெலன் மேட்டின் மேலே எட்டிப் பார்த்து, "சிலந்தி குடியிருக்கு மால்கம்" என்று கிசுகிசுத்தாள்.

மால்கம் உறைபனியில் மண்டியிட்டார். வலி கண்ணில் தெரிந்தது. சிலந்திவலைக்கு மேலேயே தன் வலையை விரித்தார். மடிப்பு ஒவ்வொன்றாக நீவினார். முளைக்குச்சியை இரண்டு கட்டைவிரலாலும் அமுக்கினார். அக்கம்பக்கத்தில் இருந்த நாலு பொந்துக்கும் அதேபோல். பிறகு பெட்டியைத் திறந்து ஃபெரட்டை எடுத்து உள்ளே விட்டார்.

காத்திருந்தார்கள். தூரத்தில் ஒரு டிராக்டர். ரென் பாதி தூக்கின காலை இன்னும் கீழே வைக்கவில்லை.

ஃபெரட் இரண்டு பொந்து தள்ளி வெளியே வந்தது. உடம்பை உதறி மண்ணைக் கொட்டியது. வாயைப் பிளந்து ஒரு கொட்டாவி விட்டது. பின்னால் ஒன்றும் வரவில்லை. முன்னால் ஒன்றும் போகவில்லை. அது வெறும் பொந்து.

ரெனின் காது இரண்டும் பின்னால் ஒட்டிக்கொண்டன. தலை தாழ்ந்தது. அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தாள்.

"ஒண்ணுமில்லையா?" என்று கேட்டாள் ஹெலன்.

"இருந்துச்சு" என்றார் மால்கம். வழக்கமாகக் கரையில் கிசுகிசுப்பவர், இதை வாய்விட்டுச் சொன்னார். "அவ சொன்னது சரிதான். உன் பக்கம் ஒரு பொந்து இருக்கு, அதுக்கு வலை கட்ட மறந்துட்டேன். அது வழியா ஓடிருச்சு. என் தப்பு."

ஹெலன் பத்து நிமிஷமாக அந்தப் பக்கத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. அங்கே பொந்தும் இல்லை, ஓடினதும் இல்லை. அவள் மால்கமைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள்.

"ஆமா" என்றாள். "என்னமோ ஓடின மாதிரிதான் இருந்துச்சு."

நாய்க்கு வார்த்தை புரியாது என்பார்கள். இருக்கட்டும். ரென் மால்கமின் தொடையில் தோளை ஒருதரம் சாய்த்துவிட்டு, மேட்டோரமாக மேற்கொண்டு நடந்தாள். ஒரு பொந்து, இரண்டு, மூன்று. நாலாவதில் தலை ஒருபக்கம் சாய்ந்தது.

அவள் காலைத் தூக்கி முடிக்கவில்லை. மால்கம், பொந்து எப்படி இருக்கிறது என்று குனிந்துகூடப் பார்க்காமல், மண்டியிட்டு வலையை விரிக்கத் தொடங்கினார்.